மீனுக்குள் இருக்கும் தண்ணீர்

உடப்பில் கரைவலை இழுத்து முடிந்து மீன் பிரிக்கத் தொடங்கினால் பூனைகள் வந்துவிடும். சூடைத் தலை, நசுங்கிய நெத்தலி, வலையோடு வந்த காரல் என்று கிடைப்பதைத் தின்றுவிட்டு வள்ளத்தின் நிழலில் படுத்துக்கொள்ளும். அவற்றுக்கென்று அங்கே யாரும் தண்ணீர் வைப்பதில்லை. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உவர் கலந்த களப்பு. இருந்தும் அந்தப் பூனைகள் தாகத்தால் சாவதில்லை. இதே புத்தளம் மாவட்டத்தில் நகரத்து வீடுகளில், கடையில் வாங்கிய உலர் தீனியும் பக்கத்தில் ஒரு கிண்ணம் நல்ல தண்ணீரும் வைத்துச் செல்லமாக வளர்க்கப்படும் கடுவன் பூனைகள் சிறுநீர் அடைத்து மிருக வைத்தியரிடம் தூக்கிச் செல்லப்படுகின்றன. கரைப் பூனைக்கு வேறு ஆபத்துகள் ஏராளம். அதன் வாழ்க்கை சுகமானது என்று சொல்ல வரவில்லை. ஆனால் தண்ணீர் விடயத்தில் மட்டும் அது வீட்டுப் பூனையைவிட நல்ல நிலையில் இருக்கிறது. அது எப்படி என்று விளங்கிக்கொண்டால், பூனை வளர்க்கிறவர் செய்ய வேண்டியதில் முக்கால்வாசி விளங்கிவிடும்.

1959ஆம் ஆண்டு அமெரிக்க உடற்றொழிலியல் சஞ்சிகையில் பூனையின் தாகத்தைப் பற்றி இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் அடுத்தடுத்து வெளியாயின. பிரென்டிஸ், வுல்ஃப், எடி ஆகியோர் எழுதிய முதல் கட்டுரை, பூனை குடிக்கத் தண்ணீரே இல்லாமல், பச்சை மீனை அல்லது இறைச்சியை மட்டும் தின்று தன் நீர்த் தேவையை முழுவதும் நிறைவேற்றிக்கொள்ளும் என்று காட்டியது. வுல்ஃபும் வேறு சிலரும் எழுதிய இரண்டாவது கட்டுரை இன்னும் ஒரு படி மேலே போனது. உடலில் நீர் வற்றிய பூனை கடல்நீரைக் குடித்தே தன் நீரிழப்பை ஈடுசெய்ய முடியும் என்பது அதன் முடிவு. மனிதன் செய்தால் உயிர் போகிற காரியம் அது.

முதல் கட்டுரை சொல்வதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். நாலு கிலோ எடையுள்ள வளர்ந்த பூனைக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 200 முதல் 240 மில்லிலீற்றர் நீர் தேவை. இது குடிக்கிற தண்ணீரையும் உணவிலுள்ள தண்ணீரையும் சேர்த்த அளவு. அதே பூனைக்கு அன்றாடம் வேண்டிய சக்தி சுமார் 230 கலோரி. கொழுப்புக் குறைந்த மீன் 100 கிராமில் ஏறக்குறைய 100 கலோரி கிடைக்கும். ஆக 230 கிராம் மீன். மீனின் எடையில் முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதால், அந்த மீனோடு சேர்ந்து 170 மில்லிலீற்றருக்கு மேல் நீர் வயிற்றுக்குள் போய்விடுகிறது. உணவு உடலில் எரியும்போது புதிதாகப் பிறக்கும் நீர் இன்னும் 25 மில்லிலீற்றர் அளவு. இரண்டையும் கூட்டினால் தேவையின் அருகே வந்துவிடுகிறோம். கரையில் மீன் தின்னும் பூனை தண்ணீர் குடிப்பதை யாரும் காணாததன் காரணம் இந்தக் கூட்டலில் இருக்கிறது.

உலர் தீனிக்கு இதே கணக்கைப் போட்டால் படம் தலைகீழாகிறது. 100 கிராம் உலர் தீனியில் 350 முதல் 400 கலோரி வரை இருக்கும். ஆகவே 60, 65 கிராம் தின்றாலே அன்றைய சக்தி கிடைத்துவிடும். ஆனால் அதில் நீர் பத்து வீதத்துக்கு மேல் இருக்காது. உணவு வழியாகப் பூனைக்குக் கிடைக்கும் தண்ணீர் ஆறே மில்லிலீற்றர். மிச்சமுள்ள 170, 180 மில்லிலீற்றரையும் அது கிண்ணத்திலிருந்து குடித்தாக வேண்டும். குடிக்கிறதா? உலர் தீனி தின்னும் பூனை நிறையத்தான் குடிக்கிறது. ஆனாலும் உணவிலும் கிண்ணத்திலும் கிடைப்பதைக் கூட்டிப் பார்த்தால், ஈரமான உணவு தின்னும் பூனைக்குக் கிடைப்பதைவிட அது குறைவாகவே இருக்கிறது. வெவ்வேறு நாடுகளில் செய்த ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட முடிவு இது.

எங்கள் கரையோரத்தில் உலர் தீனிக்கு முன்பே இன்னோர் உலர் உணவு இருந்தது. கருவாடு. கற்பிட்டியிலும் முந்தலிலும் வாடிகளில் காயும் கட்டாவும் சுறாவும் திருக்கையும் பூனைக்கு உயிர். நன்றாக உப்பிட்டுக் காய்ந்த கருவாட்டில் நீர் பொதுவாக எடையின் பாதிக்கும் குறைவு. உப்போ பத்து வீதத்தைத் தாண்டும். பச்சை மீன் தண்ணீரைக் கொண்டுவந்து கொடுக்கிறது; கருவாடு உப்பைக் கொண்டுவந்து, அதை வெளியேற்றத் தண்ணீர் கேட்கிறது. இங்கே ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். ஆரோக்கியமான பூனைக்கு உப்பு உடனடி நஞ்சாவதில்லை. சிறுநீர்க் கல் உள்ள பூனைகளுக்கென மிருக வைத்தியர்கள் பரிந்துரைக்கும் சில உணவுகளில், பூனை அதிகம் குடிக்கட்டும் என்றே உப்பைச் சற்றுக் கூட்டியிருப்பார்கள். ஆனால் அது அளந்து சேர்த்த உப்பு. கருவாட்டு உப்பு அதைப் பல மடங்கு மிஞ்சியது. சிறுநீரகம் தளர்ந்த முதிய பூனைக்குக் கருவாட்டைக் காட்டவே கூடாது.

கடல்நீரையே சமாளிக்கும் அந்தச் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது? விடையின் மாதிரி ஒன்று பாலாவியிலும் புத்தளத்திலும் உப்பளங்களில் கண்முன்னே கிடக்கிறது. களப்பு நீரை முதல் பாத்தியில் விடுகிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைக் கொண்டுபோக, உப்பு மிஞ்சுகிறது. கனத்த நீரை அடுத்த பாத்திக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு. பாத்திக்குப் பாத்தி அடர்த்தி ஏறிக் கடைசியில் போமே என்ற அடர்த்தி அளவில் 25 பாகையை எட்டும்போது உப்பு விளையத் தொடங்குகிறது. சிறுநீரகத்தில் ஹென்லே வளையம் என்ற நுண்குழாய்கள் உள்ளடுக்கின் ஆழத்துக்கு இறங்கித் திரும்பி மேலேறுகின்றன. அவை வேலை செய்வதன் பயனாக, உள்ளே போகப் போகச் சுற்றியுள்ள திசுவின் உப்பு கூடிக்கொண்டே போகிறது. சிறுநீராகப் போகிற திரவம் கடைசியாகச் சேகரிப்புக் குழாய் வழியே அந்த உப்பு மிகுந்த பகுதிக்குள் இறங்கும்போது, அதிலுள்ள தண்ணீர் குழாய்ச் சுவரைக் கடந்து வெளியே இழுக்கப்பட்டு இரத்தத்துக்குத் திரும்பிவிடுகிறது. மிஞ்சுவது செறிந்த சிறுநீர். உப்பளத்தில் வெயில் செய்வதை இங்கே உப்புச் செறிவின் ஏற்றம் செய்கிறது.

எண்களில் பார்த்தால் வேறுபாடு விளங்கும். ஒரு கிலோ நீரில் கரைந்திருக்கும் துகள்களை மில்லியொஸ்மோல் என்ற அலகில் கணக்கிடுவார்கள். கடல்நீர் ஏறக்குறைய 1,000. மனிதச் சிறுநீர் உச்சமாக 1,200 வரை ஏறும். கடல்நீரைவிட அது கூடத்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 1,200இல் பெரும் பங்கை யூரியா எடுத்துக்கொள்கிறது. உப்புக்கு மிஞ்சும் இடம் கடல்நீரின் உப்பை வெளியேற்றப் போதாது. அதனால் நாம் கடல்நீர் குடித்தால் குடித்ததைவிடக் கூடுதலான நீரை இழக்கிறோம். பூனையின் சிறுநீரோ 3,000 மில்லியொஸ்மோலைத் தாண்டும். உப்பளத்தில் அடர்த்தி பார்ப்பது போலவே மிருக வைத்தியரும் ஒரு துளி சிறுநீரின் அடர்த்தியைப் பார்க்கிறார். அவர் கையில் இருப்பது ஒளிமுறிவைக் கொண்டு அளக்கும் சிறு கருவி. கடல்நீரின் ஒப்படர்த்தி 1.025 அளவு. நல்ல சிறுநீரகமுள்ள பூனையின் சிறுநீர் 1.035ஐத் தாண்டுவது சாதாரணம், 1.060ஐக் கடந்தாலும் வியப்பில்லை.

இந்தத் திறமை பூனைக்கு எங்கிருந்து வந்தது என்பதும் தெரிந்ததே. 2007ஆம் ஆண்டு கார்லோஸ் டிரிஸ்கோலும் அவரது சகாக்களும் மரபணுக்களை ஒப்பிட்டு, உலகின் வீட்டுப் பூனைகள் அனைத்தும் மேற்காசியாவில் வாழ்ந்த காட்டுப் பூனை இனம் ஒன்றின் வழித்தோன்றல்கள் என்று காட்டினர். வறண்ட நிலத்து விலங்கு அது. எலியும் பல்லியும் அதன் உணவு. எலியின் உடலிலும் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். ஊற்றுகள் அரிதான நாட்டில் இரையே அதன் ஊற்று. சைப்பிரசில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் ஒரு மனிதனின் பக்கத்தில் பூனையைப் புதைத்த குழியைத் தொல்லியலாளர் கண்டெடுத்திருக்கிறார்கள்; அவ்வளவு நீண்ட உறவுக்குப் பிறகும் பூனையின் சிறுநீரகமும் தாகமும் அந்த வறண்ட நாட்டுக் கணக்கிலேயே இருக்கின்றன. எல்லாப் பூனை இனங்களும் இப்படி இல்லை. இலங்கையின் சதுப்பு நிலங்களில் வாழும் மீன்பிடிப் பூனை தண்ணீருக்குள் பாய்ந்து இரை பிடிப்பது. நம் வீட்டில் மடியில் படுத்திருப்பது அதன் தூரத்து உறவு மட்டுமே.

சிறுநீரகத்தின் பலமே தாகத்தின் பலவீனமாகிவிட்டது என்பதுதான் இதிலுள்ள சிக்கல். வெயிலில் ஓடிய நாய் தான் இழந்த தண்ணீரைச் சில நிமிடங்களில் மடமடவென்று குடித்து ஈடுகட்டிவிடும். பூனை அப்படிச் செய்வதில்லை. அது மெதுவாக, மணிக்கணக்கில், அரைகுறையாக ஈடுகட்டுகிறது. இடைப்பட்ட நேரத்தில் சிறுநீரைச் செறிவாக்கிச் சமாளிக்கிறது. ஈரமான இரை தின்று வாழும் விலங்குக்கு அது போதும். உலர்ந்த உணவு தின்கிற விலங்குக்கு அந்தச் சமாளிப்பே நாள்தோறும் தொடரும் நிலையாகிவிடுகிறது.

பூனை குடிக்கிற முறையும் இதற்கு உதவுவதில்லை. 2010இல் பெட்ரோ ரெய்ஸ், சங்வான் ஜங், ஜெஃப்ரி அரிஸ்டோஃப், ரோமன் ஸ்டோக்கர் என்ற நால்வர் அதைத் துரிதப் படமாக்கி அளந்தார்கள். ஸ்டோக்கர், குட்டா குட்டா என்ற தன் வீட்டுப் பூனை காலையில் தண்ணீர் குடிப்பதைக் கவனித்ததிலிருந்து தொடங்கிய ஆய்வு அது. நாய் நாக்கைப் பின்னோக்கி மடித்து நீருக்குள் இறக்குகிறது. பூனையின் நாக்கு நுனி நீரின் மேற்பரப்பைத் தொட்டும் தொடாமலும் சட்டென்று மேலே இழுபடுகிறது. நுனியோடு ஒட்டிக்கொண்டு ஒரு மெல்லிய நீர்த் தம்பம் எழுகிறது. எழுந்த நீர் தன் வேகத்தால் மேலே போக, புவியீர்ப்பு அதைக் கீழே இழுக்க, இரண்டும் சமப்படுகிற கணத்தில் பூனை வாயை மூடிக்கொள்கிறது. செக்கனுக்கு மூன்று, நாலு முறை. ஒரு முறைக்குக் கிடைப்பது 0.14 மில்லிலீற்றர் அளவு. இதை முன்பு போட்ட கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். உலர் தீனி தின்னும் பூனை 180 மில்லிலீற்றர் குடிக்க ஏறக்குறைய 1,300 முறை நாக்கை நீட்ட வேண்டும். நிறுத்தாமல் குடித்தால் ஆறு நிமிடம். நாளில் ஆறு நிமிடம் கிண்ணத்தின் முன்னால் நிற்கிற பூனையைப் பார்த்திருக்கிறீர்களா?

தண்ணீர் குறைந்தால் என்ன ஆகும்? செறிந்த சிறுநீரில் கரைந்திருக்கும் கனிமங்கள் படிகமாகத் தொடங்குகின்றன. மக்னீசியமும் அமோனியமும் பொசுபேற்றும் சேர்ந்த ஸ்ட்ருவைற்று ஒரு வகை, கல்சியம் ஒக்சலேற்று இன்னொரு வகை. படிகமாவதற்குக் காரணம் இது ஒன்றே என்று சொல்ல முடியாது. உணவின் கூறுகளுக்கும், சிறுநீரின் அமிலத்தன்மைக்கும், உடற்பருமனுக்கும், பூனையின் மன அழுத்தத்துக்கும் பங்கு உண்டு. ஆனால் வீட்டிலிருந்தபடி எளிதில் மாற்றக்கூடியது சிறுநீரின் செறிவுதான். அதனால்தான் கல் வந்து போன பூனைக்கு ஒப்படர்த்தியை 1.030க்குக் கீழே கொண்டுவரும்படி வைத்தியர்கள் சொல்கிறார்கள்.

கடுவன் பூனை வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். கடுவனின் சிறுநீர் வழி நுனியில் மிகவும் ஒடுங்கியது. படிகமும் சளியும் சேர்ந்த சிறு அடைப்பே அதை மூடிவிடும். பூனை அடிக்கடி போய்க் குந்தும், முக்கும், கத்தும், அடிப்பகுதியை நக்கிக்கொண்டே இருக்கும். ஒரு சொட்டும் வராது, அல்லது இரத்தம் கலந்து ஒரு சொட்டு வரும். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து ஆமணக்கெண்ணெய் தேடுகிறார்கள். உள்ளே சிறுநீர் தேங்க, இரத்தத்தில் பொற்றாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடும். ஒன்று, இரண்டு நாளுக்குள் உயிர் போகலாம். நாளை பார்ப்போம் என்று விடக்கூடாத வருத்தம் அது.

முதிய பூனைகளின் கதை மெதுவானது. நாட்பட்ட சிறுநீரக நோய் அவற்றுக்கு மிகப் பொதுவாக வருகிறது, சத்தமில்லாமல் வருகிறது. சிறுநீரகத்தின் மூன்றில் இரண்டு பங்கு இழந்த பிறகே சிறுநீர் செறிவு குறையத் தொடங்கும். இரத்தப் பரிசோதனையில் வழக்கமான குறிகாட்டிகள் உயர்வதற்குள் நாலில் மூன்று பங்கு போயிருக்கும்.

சிறுநீரகம் என்றதும் இந்த மாவட்டத்து மக்கள் கிணற்றைத் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்கு நியாயம் உண்டு. அயல் மாவட்டமான அநுராதபுரத்திலும் வட மத்திய மாகாணத்தின் பிற பகுதிகளிலும் 1990களிலிருந்து விவசாயிகளிடையே ஒரு சிறுநீரக நோய் பரவியிருக்கிறது. கடின நீர், புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உழைத்து உடல் வற்றுவது என்று பலவற்றை ஆராய்ந்தும் காரணம் இதுவென்று இன்னும் முடிவாகவில்லை. ஆகவே, வண்ணாத்திவில்லுவின் சுண்ணக்கல் படிவத்திலிருந்து எடுத்த தண்ணீரைப் பூனைக்கு வைத்தால் கல் வந்துவிடுமோ என்று ஒருவர் அஞ்சினால் அதை அலட்சியம் செய்யக் கூடாது. கணக்கிட்டுத்தான் பார்க்க வேண்டும். லீற்றருக்கு 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள தண்ணீரில் கல்சியம் அதிகமாகப் போனால் 120 மில்லிகிராம். பூனை அதில் 100 மில்லிலீற்றர் குடித்தால் சேர்வது 12 மில்லிகிராம். அன்றைக்கு அது தின்னும் உலர் தீனியில் கல்சியம் ஒரு வீதம் என்று வைத்தால் 600 மில்லிகிராம். முள்ளோடு தின்னும் நெத்தலியிலும் நூற்றுக்கணக்கில் இருக்கும். கடின நீரின் பங்கு இவற்றுக்கு முன் சிறிது. அந்தப் பயத்தில் பூனை குறைவாகக் குடிக்கும்படி ஆனால் அதன் கேடு பெரிது.

கற்பிட்டிக் குடாநாட்டின் பிரச்சினை வேறு. அங்கே நல்ல தண்ணீர் என்பது மணலுக்குள் இறங்கிய மழைநீர். கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதக்கும் ஒரு படலம். கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் உயரத்துக்கு நன்னீர் இருந்தால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் வரை அது தாங்கி நிற்கும் என்பது நீரியல் கணக்கு. ஆகவே இயந்திரம் வைத்து இறைத்து மேல்மட்டம் சிறிது தாழ்ந்தாலும் கீழிருந்து உவர் பெரிதாக ஏறுகிறது. மாரி மழை நின்று, சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் கிணறு உப்புக் கரிப்பது இதனால்தான். அதோடு வெங்காயம், மிளகாய், மரக்கறித் தோட்டங்களுக்கு இடும் பசளை மணலில் தங்காமல் நேரே கீழே இறங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று; கற்பிட்டித் தோட்டக் கிணறுகளில் அதை மீறிய அளவுகள் 1980களிலிருந்தே பதிவாகி வருகின்றன.

அப்படியானால் பூனைக்கு எந்தத் தண்ணீர்? வீட்டுக்காரர் குடிக்கும் தண்ணீரே. குடிநீரைக் கேனில் வாங்குகிற வீடுகளில், அதைப் பூனைக்கு ஊற்றுவது வீண் என்று நினைத்துக் கிணற்று நீரை வைப்பது வழக்கம். பூனை கிண்ணத்திலிருந்து குடிப்பது நூறு, நூற்றைம்பது மில்லிலீற்றர். ஒரு லீற்றர் ஒரு வாரத்துக்குக் கிட்டத்தட்டப் போதும். கடல்நீரைக் குடித்துத் தப்பும் விலங்குக்கு உவர்க் கிணறு என்ன செய்யும் என்று யாராவது கேட்டால், ஆய்வில் சில நாள் தப்பியதும் பன்னிரண்டு, பதினைந்து வருடம் வாழ்வதும் வேறு வேறு என்பதே பதில். குழாய் நீரில் குளோரின் மணம் இருந்தால் வாயகன்ற பாத்திரத்தில் இரவு திறந்து வைத்துக் காலையில் கொடுக்கலாம். தண்ணீரின் சிறு மாற்றமும் பூனைக்குத் தெரியும். 1954இல் லிலியெஸ்ட்ராண்டும் சொட்டர்மனும் பூனையின் நாக்கு நரம்புகளில் வெறும் தண்ணீருக்கே சைகை தரும் இழைகளைக் கண்டார்கள்.

கிண்ணம் அகலமாகவும் விளிம்பு வரை நிறைந்தும் இருக்கட்டும். புத்தளத்து முஸ்லிம் வீடுகளில் பலரும் அறிந்த ஹதீஸ் ஒன்று உண்டு. நபித்தோழர் அபூ கதாதாவுக்கு மருமகள் கப்ஷா வுழூ என்ற தொழுகைச் சுத்தம் செய்யத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தபோது பூனையொன்று குடிக்க வந்தது. அவர் பாத்திரத்தைச் சாய்த்துப் பிடித்து அது குடித்து முடிக்கும் வரை பொறுத்திருந்தார். பூனை அசுத்தமானதன்று, உங்களைச் சுற்றி வருவனவற்றில் ஒன்று என்று நபிகள் சொன்னதை மருமகளுக்கு எடுத்தும் சொன்னார். நீர்ப்பரப்பு நாக்கு எட்டும் தூரத்தில் இருந்தால்தான் பூனையால் வசதியாகக் குடிக்க முடியும் என்பதை அந்தச் சாய்த்துப் பிடித்த கை அறிந்திருந்தது. இன்று மின்சாரத்தில் ஓடும் சிறு நீரூற்றுகளை வாங்கி வைக்கிறார்கள். ஆய்வுகளில் அவற்றால் ஒட்டுமொத்தமாகப் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஓடும் நீரை விரும்புகிற பூனைக்கு அது உதவும், மற்றதற்கு உதவாது. அதைவிட, வீட்டில் இரண்டு மூன்று இடங்களில் கிண்ணம் வைப்பது பயன் தரும். மலம் கழிக்கும் இடத்துக்கு அருகில் மட்டும் வேண்டாம். வீட்டில் இரண்டு பூனை இருந்து ஒன்று மற்றதை விரட்டுமானால் இது இன்னும் அவசியம்.

மண் சட்டியில் தண்ணீர் குளிர்ந்திருக்கும், நல்லதுதான். ஆனால் சட்டியின் உட்புறத்தில் வழுவழுப்புப் படியும். எந்தப் பாத்திரமானாலும் தண்ணீரை நாள்தோறும் மாற்றி, உட்சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். இது பூனைக்காக மட்டும் சொல்வதல்ல. டெங்கு நுளம்பு முட்டையிடுவது பாத்திரத்தின் சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே. முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும். தண்ணீர் பட்டால் ஏழு, பத்து நாளில் நுளம்பாகிவிடும். வெறுமனே ஊற்றிவிட்டு மறுபடி நிரப்பினால் முட்டை போகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்கு வரும்போது முதலில் குனிந்து பார்க்கும் பாத்திரங்களில் மிருகங்களுக்கு வைத்த தண்ணீரும் ஒன்று.

இத்தனையும் செய்தாலும் கிண்ணத்தால் மட்டும் தீராது. பூனைக்குத் தண்ணீர் கொடுக்க மிகச் சிறந்த வழி அதைச் சாப்பாட்டுக்குள் வைத்துக் கொடுப்பதே. இதில் கரையோரத்து வீடுகளுக்கு மற்றவர்களுக்கு இல்லாத வசதி இருக்கிறது. மீனை உப்பில்லாமல், தூளில்லாமல் அவித்து, அவித்த தண்ணீரைக் கொட்டாமல் அதோடு சேர்த்துக் கொடுக்கலாம். உலர் தீனிதான் வாங்க முடியும் என்றால் அதன் மேல் இந்த மீன்தண்ணீரை ஊற்றி ஊறவிடலாம். ஊறியதை வெயில் காலத்தில் நெடுநேரம் வைக்காமல் எடுத்துவிட வேண்டும். சோறும் வறண்ட உணவல்ல. வெந்த சோற்றின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். ஆனால் பூனை இறைச்சி தின்னும் விலங்கு, சோற்றில் அதற்கு வேண்டிய புரதமும் டோரின் என்ற சத்தும் இல்லை. மீன் அதிகம், சோறு கொஞ்சம் என்று இருக்கட்டும்.

அவிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சில மீன்களின் பச்சைச் சதையில், குறிப்பாகச் சாளைக் குடும்பத்தைச் சேர்ந்த சிலவற்றில், தயமினை அழிக்கும் நொதியம் இருக்கிறது. பச்சையாகவே நாள்தோறும் தின்றால் அந்த விற்றமின் குறைந்து தலை சாயும், வலிப்பு வரும். வெந்தால் நொதியம் கெட்டுவிடும். எண்ணெய் மிகுந்த மீனை மட்டுமே கொடுத்தால் விற்றமின் ஈ குறைந்து உடற்கொழுப்பில் அழற்சி உண்டாகும். இடையிடையே கோழியும் முட்டையும் சேர வேண்டும், முடிந்தால் பூனைக்கென முழுச் சத்தும் சேர்த்துத் தயாரித்த ஈரத் தீனியும். மீன் குழம்பின் மிச்சம் கூடவே கூடாது. வெங்காயமும் உள்ளியும் பூனையின் சிவப்பணுக்களை உடைத்துச் சோகையை உண்டாக்குபவை. பாலும் தண்ணீருக்குப் பதிலாகாது. வளர்ந்த பூனைகள் பலவற்றால் பாற்சர்க்கரையைச் செரிக்க முடியாது, வயிற்றோட்டம் வந்து இருந்த நீரும் போகும்.

பூனைக்கு நீர் வற்றியிருக்கிறதா என்று பார்க்கப் பிடரித் தோலை மெல்லத் தூக்கி விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்குப் போகாமல் மடிந்து நின்றால் வற்றியிருக்கிறது. ஈறு ஈரமாக வழுக்காமல் விரலில் ஒட்டினாலும் அப்படித்தான். முதிய பூனையிலும் மெலிந்த பூனையிலும் தோலின் இழுவை குறைந்திருப்பதால் ஈற்றையே நம்ப வேண்டும். சோர்ந்து கிடக்கும் பூனையின் வாயில் பலவந்தமாகத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அது மூச்சுக் குழாய்க்குள் போகும். வைத்தியர் தோலுக்கடியில் சேலைன் ஏற்றுவார்.

வயது பத்தைத் தாண்டிய பூனைக்கு மாதத்தில் ஒரு தடவையாவது அளந்து பார்ப்பது நல்லது. ஒரே அளவான இரண்டு கிண்ணங்களில் ஒரே அளவு தண்ணீர் ஊற்றி, ஒன்றைப் பூனைக்கு வையுங்கள். மற்றதைப் பூனைக்கு எட்டாமல், அதே காற்று படும் இடத்தில் வையுங்கள். சோளகக் காலத்தில் ஆவியாகிப் போகும் தண்ணீரே ஏமாற்றிவிடும். ஒரு நாள் கழித்து, இரண்டாவது கிண்ணத்தில் குறைந்ததை முதலாவதில் குறைந்ததிலிருந்து கழித்தால் பூனை குடித்தது தெரியும். குறைவாகக் குடிப்பது போலவே திடீரென்று நிறையக் குடிப்பதும் கவனிக்க வேண்டியது. ஒரு நாளில் எடையில் கிலோவுக்கு 100 மில்லிலீற்றரைத் தாண்டினால் அது நோயின் அடையாளம். சிறுநீரக நோய், நீரிழிவு, தைரொயிட்டு மிகைப்பு மூன்றையும் வைத்தியர் சோதிப்பார். போகும்போது அளந்த எண்ணையும், பூனை என்ன தின்கிறது என்பதையும், முடிந்தால் அன்று காலைச் சிறுநீரில் சில துளியைச் சுத்தமான சிறு போத்தலில் எடுத்தும் கொண்டுபோங்கள். ஒப்படர்த்தி பார்க்க ஒரு துளி போதும்.